ரோஜாவுக்கு அனுப்பிய களிம்பு

கண்ணு, நெய்வேலியிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்றுப் பகல் வந்தது. துணிக்கடை, சமையல்காரர், மேளம் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்கே ஒரு வரி எழுதியிருந்தாய், "மாமா வருவாரா அம்மா?" என்று. நீ கேட்க நினைத்தது அதை மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம் அது. பசிக்கிறது என்று சொல்ல வந்தவன், பக்கத்து வீட்டுக் கோழி கூரைமேல் ஏறிய கதையையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுப்பாய். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அப்பாவைப் பதில் எழுதச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு வரிக்கு மட்டும் நான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. உன் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வரப்போகிறவளும் படிக்கட்டும். போகிற வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்பது ஒரு பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்திருப்பது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன்.

தை மாதம் முகூர்த்தம். நம் வழக்கத்தில் மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். அந்தத் தங்கத் தகட்டை என் தம்பி கையால் கட்டிப் பார்க்காமல் உன்னை மணையில் உட்கார வைக்க எனக்கு மனசு வராது. போன வாரம் உன் அப்பா ரொம்பச் சாதாரணமாக, "செஞ்சியில ஒனக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கான் இல்ல, அவன் கட்டிட்டுப் போறான்" என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன். அவருக்கு அதுவும் புரியவில்லை. உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

எனக்குக் கூடப்பிறந்தவன் துலுக்காணம் ஒருவன்தான். எங்கள் அப்பா விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினவர். அவருக்குப் பிறகு அதே இடத்தில் உன் மாமா நின்றான். உன் அப்பாவோ திண்டிவனம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் முகத்தைப் பார்த்ததைவிட வாசலில் கட்டியிருந்த குதிரையின் பல்லைப் பார்த்ததுதான் அதிகம். கல்யாணமான புதிதில் என்னோடு பேசினதைவிட என் தம்பியோடுதான் பேசுவார். லாடம், கொள்ளு, குளம்பில் வரும் சீழ் என்று இரண்டு பேரும் ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். "மாமா, மாமா" என்று அவனும் இவர் காலையே சுற்றிக்கொண்டிருப்பான். அந்த நாட்களில்தான் ரோஜாவை வாங்கினான். செம்பழுப்பு நிறத்தில் சின்னப் பெண்குதிரை, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு. நீ விழுப்புரம் போனால் அவன் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்து வாரைப் பிடித்துக்கொள்வாய். உனக்கும் அதற்கும் சேர்த்துத்தான் வெல்லம் வாங்குவான். பெரிய துண்டு அதற்குத்தான் போகும். நீ அழுவாய்.

நீ மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்த சமயம், வாயில்லா ஜீவன்களை வதைக்காமல் காப்பாற்றப் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று டெல்லியில் பேச்சுக் கிளம்பியது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்ததாம், அது போதாது என்றார்கள். புண்பட்ட மாட்டையும் குதிரையையும் வண்டியில் பூட்டக்கூடாது, தாங்காத பாரம் ஏற்றக்கூடாது, ஏற்றினால் தண்டனை என்று பேப்பரில் வந்ததையெல்லாம் உன் அப்பா ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்து எனக்கு ஒப்பிப்பார். சட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலேயே அவர் அதற்கு இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். மல்லாட்டை சீசனில் கடலை மூட்டை ஏற்றி மண்டிக்குப் போகிற வண்டிகளை ரோட்டில் நிறுத்தி, "இத்தினி மூட்டையா ஏத்துவ? ரெண்ட எறக்கு" என்பார். வண்டிக்காரர்கள் மரியாதையாகவே, "சட்டம் வந்துட்டுதாங்க?" என்று கேட்பார்கள். "வரும்" என்பார் இவர். "வந்தா சொல்லி அனுப்புங்க, எறக்கிடறோம்" என்று சொல்லி மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். நான் சிரிப்பேன். அவருக்கு மூக்குமேல் கோபம் வரும்.

அந்தக் கோபத்தை நீ இப்போது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் சொல்கிறேன். நுகத்தடி அறுத்துக் கழுத்துத் தோல் கிழிந்த மாடும், வாலை முறுக்கி முறுக்கி எலும்பு ஒடிந்த மாடும் தினமும் அவர் கைக்குத்தான் வரும். புழுவை எடுத்து, மருந்து போட்டு, கட்டுக் கட்டி அனுப்புவார். நாலு நாள் கழித்து அதே மாடு அதே பாரத்தோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகும். அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவார், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். உன் அப்பா கல் மனசுக்காரர் என்று நீ ஒரு தடவை என்னிடம் சொன்னாய். இல்லை கண்ணு. அவருக்கு மனசு இருக்கிறது. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதுதான் தெரியாது.

விழுப்புரத்தில் ஜீவகாருண்யத்தில் அக்கறை உள்ள பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, இந்தப் புதுச் சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். வருகிறேன் என்று சொன்ன டாக்டருக்குக் காய்ச்சல், தனக்குப் பதிலாகக் கம்பவுண்டரைப் போய்ப் பேசச் சொன்னார். உன் அப்பா மேடை ஏறின ஒரே கூட்டம் அதுதான். சலவைச் சட்டை, பையில் பேனா, கையில் ஆஸ்பத்திரி குடை. என்னையும் உன்னையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போனார். ஸ்டேஷன் வாசலில் உன் மாமா வண்டியைக் கழுவித் துடைத்து, ரோஜாவின் நெற்றியில் பொட்டு வைத்து, நிறுத்தி வைத்திருந்தான். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரிடமும், "மேடையில பேசப் போறவரு எங்க மாமாதான்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தானாம். வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்து ஹால் வரைக்கும் எங்களைக் கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது உன் அப்பா எப்போதும் போலக் குதிரையின் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டின கையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். குங்குமம் ஒட்டியிருக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஹாலில் முன்வரிசையில் வக்கீல்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள். பின்னால் சுவரோரம் ஜட்காக்காரர்கள், மாட்டுவண்டிக்காரர்கள் நின்றார்கள், உன் மாமாவும் அவர்களோடு. பேசினவர்களில் ஒருவர், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரக்கம் என்பதே கிடையாது, பரம்பரையாகவே அப்படிப்பட்ட ஜனங்கள் என்று சொல்லிவிட்டார். பின்னாலிருந்து வயசான ஜட்காக்காரர் ஒருவர், "சாமி, குதிரைக்கு லீவு உடச் சொல்றீங்க, சரி. அது நிக்கற நாளைக்கு எங்க ஊட்டுல அடுப்பு எப்படி எரியும், அதையும் அந்தச் சட்டத்துல எழுதச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. அப்போதுதான் உன் அப்பா எழுந்தார்.

அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். பிற்பாடு எத்தனையோ தடவை என்னிடம் சொல்லிவிட்டார். வண்டிக்காரர்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை, பிள்ளையைப் போல வளர்க்கிறவன்கூட வயிற்றுப்பாட்டுக்காகப் புண்ணை மறைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது, அன்பு மட்டும் போதவில்லை, அதனால்தான் சட்டம் வேண்டும். இதுதான் அவர் நினைத்தது. இதற்கு யாரோ ஊர்பேர் தெரியாதவனை உதாரணம் சொன்னால் அது புறம் பேசுவதாகும், சொந்த வீட்டிலிருந்தே எடுத்துச் சொல்வதுதான் நேர்மை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "எவனையோ எதுக்குச் சொல்லணும்? என்னைக் கொண்டாந்து இறக்கிவிட்ட குதிரை எங்க மச்சானோடது. வார் உரசற எடத்துல புண்ணு. செங்கல் தூளை எண்ணெயில கொழைச்சி, தோல் நெறத்துக்குத் தடவி மறைச்சிக் கட்டியிருக்கான். இதோ என் கைக்குட்டையில ஒட்டிக்கினு இருக்கு" என்று எடுத்து விரித்துக் காட்டினார். மேலே அவர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. முன்வரிசையில் சிரித்தார்கள். பின்வரிசையில் எல்லோரும் திரும்பி ஒரே முகத்தைப் பார்த்தார்கள். நீ என் மடியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். என் தம்பியின் கண் என்னைத் தேடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

வெளியே வந்தபோது அவன் குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். சண்டை போடுவான், நாலு வார்த்தை கேட்பான் என்று நான் பயந்துகொண்டு போனேன். அவன் குரலே எழும்பவில்லை. "எறங்கும்போதே பாத்துட்டீங்களே மாமா. அப்பவே என்னாண்ட சொல்லியிருக்கலாமே" என்றான், அவ்வளவுதான். வண்டியை அங்கேயே மரத்தடியில் விட்டுவிட்டு, ரோஜாவை நடத்திக்கொண்டு போய்விட்டான். நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். மற்ற ஜட்காக்காரர்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒதுங்கிக்கொண்டார்கள். மறுவாரம் நான் மட்டும் போய்ப் பார்த்தபோது, "அக்கா, நீ எப்ப வேணா வா. அவர இட்டுக்கினு வராத" என்றான். சட்டம் டெல்லியிலிருந்து வந்து சேர இன்னும் சில வருஷங்கள் இருந்தன. அதற்குள் நம் வீட்டில் தண்டனை வந்துவிட்டது.

இனி நான் எழுதுவதில் பாதி உனக்குத் தெரியாது. அன்றைக்கு ரோஜாவை அவிழ்த்தவன், புண் ஆறுகிற வரைக்கும் மறுபடி பூட்டவேயில்லை. பகலெல்லாம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினான். குதிரை வீட்டில் நின்று கொள்ளு தின்றது. இதை அவன் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டி கன்னியம்மாள் சொன்னாள். "அண்ணி, நானு கேழ்வரகுக் கூழு குடிக்கறேன், அது கொள்ளு துன்னுது. கேட்டா எம்மேல எரிஞ்சி வுழறாரு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். திண்டிவனம் வந்து சாப்பிடும்போது இதை உன் அப்பாவிடம் சொன்னேன். "எந்த எடத்துல புண்ணு? ஈ மொய்க்குதா?" என்று கேட்டார். மறுநாள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் கற்பூரமும் தேன்மெழுகும் போட்டுக் காய்ச்சி, ஒரு தகர டப்பாவில் ஊற்றி ஆறவைத்தார். "நீயா செஞ்சன்னு சொல்லிக் குடு" என்றார். எனக்கு ரசம் வைத்தாலே சரியாக வராது என்பது என் தம்பிக்குத் தெரியாதா?

விழுப்புரம் வீட்டுக்கு அடிக்கடி போனால் ஊர் வாயில் விழ வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போவது எனக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு. இவ்விடத்திலிருந்து நான் செஞ்சி வழியாகப் போவேன், அவன் அந்தப் பக்கமிருந்து வருவான். அங்காளம்மன் சன்னதியில் கும்பிட்டுவிட்டு, தேங்காய்க் கடை ஓரம் அக்காளும் தம்பியும் உட்கார்ந்து பேசுவோம். டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "நீயா செஞ்ச அக்கா?" என்றான். "ஆமாண்டா" என்றேன். "கைப்பக்குவம் நல்லாக்கீது" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த அமாவாசைக்குக் காலி டப்பாவைக் கழுவி, அதில் வறுத்த மல்லாட்டையை நிரப்பிக் கொண்டுவந்தான். உன் அப்பா அதைத் தின்றுகொண்டே, "யாரு குடுத்தாங்க?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூடியை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விளிம்பில் செம்பழுப்பாக ஒன்றிரண்டு முடி ஒட்டிக்கொண்டிருக்கும். "தடவறான்" என்பார். புண் ஆறிப் போன பிறகும் இது நிற்கவில்லை. வார் உரசாமல் இருக்க மேலுக்குத் தடவ வேண்டும் என்று இவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார், அவனும் அதை ஒத்துக்கொண்டான்.

மறுபடி வண்டி பூட்டின பிறகு அவன் நாலு பேருக்குமேல் ஏற்றுவதில்லை. ஐந்தாவது ஆள் காலை வைத்தால், "நீங்க பின்னாடி நடந்து வாங்க, மெதுவாதான் ஓட்றேன்" என்பானாம். ஸ்டாண்டில் அவனைக் 'கம்பவுண்டரு' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். வாருக்கு அடியில் கன்னியம்மாளின் பழைய புடவையை மடித்துத் தைத்திருந்தான். பிற்பாடு சட்டம் உண்மையாகவே வந்து, ஒரு நாள் அதிகாரி ஒருவர் ஸ்டாண்டுக்கு வந்து ஒவ்வொரு குதிரையாகப் பார்த்தாராம். ரோஜாவின் தோளில் கையை வைத்து அழுத்தித் தேய்த்து, விரலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த குதிரைக்குப் போய்விட்டாராம். இதை எனக்குச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே, "மாமாவாண்ட சொல்லாத" என்றான். நான் அன்றைக்கே சொன்னேன். உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். இரண்டாவது தரம் அவர் சோறு கேட்டு நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, "ஒன் தம்பி எப்படி இருக்கான்?" என்று அவர் கேட்டதில்லை. "குதிரை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். அவனும் அவரைப் பற்றிக் கேட்கமாட்டான். "மருந்து நல்லாக் கேக்குது" என்பான். நான் நடுவில் நின்றுகொண்டு, குதிரை நன்றாக இருக்கிறது என்றால் அவன் நன்றாக இருக்கிறான் என்றும், மருந்து நன்றாக இருக்கிறது என்றால் அவன் கோபம் குறைந்திருக்கிறது என்றும் அர்த்தம் பண்ணிக்கொண்டு காலம் தள்ளினேன். இரண்டு பேரையும் பிடித்து உட்காரவைத்து உலுக்கியிருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை எனக்கு ஆத்திரம் வந்ததுண்டு. ஆனால் ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறதே, நான் கை வைக்கப்போய் அதுவும் அடைபட்டுவிடப் போகிறது என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

பஸ்ஸும் சைக்கிள் ரிக்‌ஷாவும் வந்து ஜட்காவுக்குச் சவாரி இல்லாமல் போனது உனக்கே தெரியும். ஒவ்வொருவராகக் குதிரையை விற்றார்கள். உன் மாமா மட்டும் விற்கவில்லை. வாங்குகிறவன் அதை எங்கே கொண்டுபோய் எதில் பூட்டுவான் என்று யாருக்குத் தெரியும் என்றான். வண்டியை விற்றுவிட்டுக் குதிரையை வைத்துக்கொண்டான். பழையபடி மூட்டை தூக்கப் போனான். வயசு ஏற ஏற அவன் முட்டி இரண்டும் போய்விட்டது. மேல்மலையனூர் பஸ்ஸிலிருந்து இறங்கவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதை நான் உன் அப்பாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். காதில் விழாத மாதிரி இருந்தார்.

இந்த ஐப்பசி மழையில் ரோஜா போய்விட்டது கண்ணு. வயசாகித்தான் போனது, நோவு ஒன்றும் இல்லை. அமாவாசையன்று தேங்காய்க் கடை ஓரம் உட்கார்ந்து, "அக்கா, ரோஜா பூட்ச்சி" என்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எங்கள் அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன். கொஞ்சம் தெளிந்த பிறகு, "மாமாவாண்ட சொல்லாத" என்றான். பையிலிருந்த டப்பாவை எடுப்பதா வேண்டாமா என்று நான் முழித்தேன். அவனே கையை நீட்டி, "குடு, வெச்சிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டான். நான் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா வழக்கம் போல, "குதிரை எப்படி இருக்கு?" என்றார். "நல்லாயிருக்குதுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? குதிரை இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவர் எதைக் கேட்பார்? கார்த்திகையிலும் அவர் காய்ச்சினார், நான் கொண்டுபோனேன், அவன் வாங்கிக்கொண்டான், டப்பா மல்லாட்டையோடு திரும்பி வந்தது. இல்லாத குதிரைக்கு மூன்று பேரும் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முந்தாநாள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் உன் அப்பா அடுப்படியில் போய் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் வீடெல்லாம் வேறு வாசனை. வேப்பெண்ணெய் இல்லை, கற்பூரம் இல்லை. போய்ப் பார்த்தால் நல்லெண்ணெயில் பூண்டும் ஓமமும் நொச்சி இலையும் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். "குதிரைக்கு எதுக்குங்க பூண்டு?" என்று கேட்டேன். "முட்டி வலிக்கு" என்றார். "குதிரைக்கா?" என்றேன். வாணலியைக் கிளறிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "ரெண்டு டப்பாவா மூடியில முடி ஒட்டிக்கினு வரலியே" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "தைலத்த நீங்களே கொண்டுபோய்க் குடுங்களேன்" என்றேன். "இட்டுக்கினு வராதன்னு சொன்னான் இல்ல" என்றார். அந்த வார்த்தையை நான் இவரிடம் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருஷம் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். "அது எப்பவோ சொன்னதுங்க" என்றேன். தைலம் ஆறியதும் டப்பாவில் ஊற்றி, மூடி, சிந்தாமல் நூல் சுற்றிக் கட்டினார். எப்போதும் என் பையில்தான் வைப்பார். இந்தத் தடவை அவருடைய பையில், பத்திரிகைக் கட்டுக்கு மேலே வைத்துக்கொண்டார்.

ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நேராக விழுப்புரத்துக்கு வந்துவிடு. அப்பாவை இங்கிருந்து நான் காலை ரயிலில் ஏற்றி விடுகிறேன். நான் வரவில்லை. நான் இருந்தால் இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவர் சட்டை மாற்றிக்கொள்ள மறந்திருந்தால் ஒன்றும் சொல்லாதே. சட்டத்தைப் பற்றிப் பேச்சு எடுக்காதே. சட்டம் வேண்டியதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இன்றைக்கும் ரோட்டில் புண்பட்ட மாட்டைப் பார்த்தால் நானே வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன், உன் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நீயும் கேள், உன் பெண்டாட்டியையும் கேட்கச் சொல். ஆனால் அவள் பிறந்த வீட்டில் ஒரு குறையைப் பார்த்தால், பார்த்த இடத்திலேயே, உரியவனிடமே சொல். நாலு பேருக்கு நடுவில் எடுத்து விரிக்காதே, நல்லதற்காகக்கூட. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான்.

மாமா வீட்டு வாசலில் நீ முன்னால் போகாதே, அப்பாவை முன்னால் விடு. பத்திரிகையையும் டப்பாவையும் அவரே கொடுக்கட்டும். மாமா முதலில் என்ன பேசுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் என் தம்பியை எனக்குத் தெரியும். வாங்க என்று சொல்வதற்கு முன்னால், "ரோஜா பூட்ச்சி மாமா" என்றுதான் சொல்வான். அந்த நேரத்தில் உன் அப்பா, "தெரியும்" என்று சொல்லிவிடக்கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள் கண்ணு. தேவைப்பட்டால் அவர் கையைப் பிடித்து அழுத்து. தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவரைப் போல, அப்போதுதான் முதல் தடவையாகக் காதில் விழுகிற மாதிரி, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் நின்று கேட்கட்டும். கேட்டுவிட்டாரென்றால் உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், தையில் உன் மாமா வருவான்.

அம்மா